நாறுகிற வேன் தேறுமா?

"இறங்கு," என்றார் மேடம்.

"மாட்டேன்," என்றேன்.

ஸ்கூட்டரின் பின்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் ஷெட் இன்னும் முப்பது அடி தள்ளி இருந்தது. அதற்குள்ளேயே அந்த நாற்றம் தெருவுக்கு வந்து என் முகத்தில் அறைந்துவிட்டது. காலையில் சாப்பிட்ட இரண்டு தோசையும் திரும்பி வர வழி கேட்டன.

"எப்படி இருக்கு? சொல்லு."

"வாந்தி வருது மேடம்."

"அது உன் நிலைமை. நாத்தம் எப்படி இருக்கு?"

இதுதான் என் பிழைப்பு. மேடம் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வண்டி சர்வேயராக இருந்தவர். அடிபட்ட வண்டி, எரிந்த வண்டி, ஏமாற்றி விற்ற வண்டி எல்லாம் அவரிடம் உண்மையைக் கக்கியிருக்கின்றன. வேலையை விட்டுவிட்டு ஒரு துப்பறியும் ஆபீஸ் திறந்தார். திறந்த மாதமே ஒரு காய்ச்சல் வந்து அவர் மூக்கை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. ரோஜாவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. அதனால் செண்ட் கடையில் நிம்மதியாக விற்பனை செய்துகொண்டிருந்த என்னைப் பிடித்து இழுத்து வந்து உதவியாளனாக வைத்துக்கொண்டார். என்னை அவர் கூப்பிடுவது 'மூக்கு' என்றுதான்.

"புளிச்ச வாடை. அழுகின முட்டை. மேல எலுமிச்சை செண்ட். செண்ட் அடிச்ச பிணம் மாதிரி இருக்கு."

"பிரமாதம். இறங்கு."

இறங்கினேன்.

ஷெட் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தவரை ஊரே 'டிரைவரம்மா' என்றுதான் கூப்பிடுகிறது. நாற்பது வயது இருக்கும். நீலச் சட்டை, பாக்கெட்டில் சாவிக்கொத்து, கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையம். அவர் பின்னால் ஒரு இழுவை லாரி கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பன்னண்டு மணிக்கு வண்டியை காயலான் கடைக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க மேடம். நாலு மணிக்குள்ள டயாலிசிஸ் சென்டர்ல பதில் சொல்லணும். நான் தொடர்ந்து ஓட்டறேனா, வேற யாருக்காவது விட்டுக்கொடுக்கறேனான்னு."

மணி பதினொன்று ஐந்து.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் மேடம்.

அவர் சொன்னது இதுதான். புருஷன் போய் நாலு வருஷம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய வேனை வாங்கி, பின்பக்கம் சாய்தளம் வைத்து, சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி மாற்றினார். ஆறு பேஷண்ட். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். ஒரு நாள் தவறியது கிடையாது. ஆறு வாரத்துக்கு முன்னால் வண்டிக்குள் ஏதோ நாற ஆரம்பித்தது.

"எலி செத்திருக்கும்னு நினைச்சேன். தேடாத இடம் இல்ல. ஹெட்மாஸ்டர் ஐயான்னு ஒருத்தர், சக்கர நாற்காலிலதான் வருவார். ரெண்டு தடவை வண்டியிலேயே வாந்தி எடுத்துட்டார். மூணாவது தடவை, 'உடம்பு சரியில்லம்மா, அடுத்த முறை வர்றேன்'னு போன்ல சொன்னார். அதுக்கடுத்த தடவையும் அதையேதான் சொன்னார். நான் நம்பிட்டேன். ஒரே வாரத்துல ரெண்டு டயாலிசிஸ் போச்சு. இப்ப நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டு ஐசியூல இருக்கார்." பாக்கெட்டில் இருந்த சாவிக்கொத்தை அழுத்திக்கொண்டார். "நாத்தம் தாங்கலைன்னு என் முகத்துக்கு நேரா சொல்ல சங்கடப்பட்டிருக்கார் மேடம். அவர் பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"வண்டி என்னன்னு மெக்கானிக் சொல்றார்?"

"வெள்ளத்துல முங்கின வண்டியாம். என்னை ஏமாத்தி வித்துட்டாங்களாம். வயரிங், பிரேக் பைப் எல்லாம் உள்ளுக்குள்ள அரிச்சிருக்கும், என்னைக்கு வேணாலும் கைவிடும்னு சொல்றார். ரிப்பேர் பண்றது வண்டி விலையைவிட ஜாஸ்தி ஆகும். வயசானவங்களை ஏத்திக்கிட்டு ஓட்டற வண்டி. நான் என்ன செய்யட்டும்? தேறுமா தேறாதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. தேறாதுன்னா மனசாரக் கொடுத்துடறேன்."

அந்த மெக்கானிக்கைப் பார்த்ததும் எனக்கு வழக்கு முடிந்துவிட்டது.

ஒரு மனுஷன் அவ்வளவு அழுக்காக இருக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பழைய இன்ஜின் ஒன்றின் மேல் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பன்னில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது. அதையும் சேர்த்தே கடித்தார். டீ கிளாஸில் ஒரு ஈ மிதந்தது. சுண்டுவிரலால் அதை எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் குடித்தார். பிறகு மூக்கைச் சிந்தி, கையைச் சட்டையில் துடைத்து, அதே கையை என்னிடம் நீட்டினார்.

நான் கும்பிட்டேன்.

"வாங்க மேடம். வேன் உள்ளதான் நிக்குது. ஒரு பக்கம் சுவரு, ஒரு பக்கம் லேத்து மெஷினு. முன்கதவு திறக்காது. பின்னாடி சாய்தளம் வழியாத்தான் ஏறணும்."

"வெள்ளத்துல முங்கின வண்டின்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"பெல்ட்டை இழுத்துப் பாருங்க, தெரியும். எல்லாரும் வெளிய தெரியற பெல்ட்டைத்தான் கழுவுவாங்க. சுருளுக்குள்ள இருக்கற கடைசிப் பகுதியை விட்டுடுவாங்க. அங்க சேறு இருக்கு. டேஷ்போர்டு டப்பாவுக்குள்ள இருக்கு. தரைவிரிப்புக்கு அடியில இருக்கு. ஸ்டெப்னிக்குக் கீழயும் இருக்கு. வேற என்ன வேணும்?"

"இந்த வண்டியை வாங்கறப்ப பாத்துக் கொடுத்தது யாரு?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"நான்தான்."

"அப்ப பெல்ட்டை இழுத்துப் பாக்கலையா?"

"பாத்தேன். சுத்தமா இருந்துது." பன்னைக் கீழே வைத்தார். "இருந்துதா, இல்லையான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு மேடம். முப்பது வருஷத் தொழில். இந்த அம்மா என்னை நம்பி வாங்கினாங்க. ஒரு வாரமா தூக்கம் இல்ல."

நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

டிரைவரம்மா லாரிக்காரரைச் சமாதானம் செய்யப் போனார். மெக்கானிக் பன்னுக்குத் திரும்பினார். மேடமும் நானும் சாய்தளம் ஏறி வேனுக்குள் போனோம். உள்ளே எலுமிச்சை செண்ட் அட்டை நான்கு தொங்கியது. அத்தனை பேர் சேர்ந்தும் அந்த நாற்றத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. நாக்கிலேயே வந்து ஒட்டியது. கைக்குட்டையை மூக்கில் வைத்தேன்.

"கைக்குட்டையை எடு. சம்பளம் மூக்குக்குத்தான்."

"மூக்குக்கு இன்ஷூரன்ஸ் உண்டா மேடம்?"

அவர் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். கடைசி முழ நீளத்துக்குச் சேறு காய்ந்து படிந்திருந்தது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சுத்தம். பக்கத்து சீட் பெல்ட்டை இழுத்தார். அதிலும் அப்படியே, ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் புதுசு போல.

"மூக்கு, நீ வெள்ளத்துல விழுந்தா முதுகு மட்டும் நனையுமா?"

"எனக்கு நீச்சல் தெரியாது. மொத்தமா போயிடுவேன்."

"பெல்ட்டும் மொத்தமாத்தான் நனையணும். ரெண்டு பக்கமும். இதை யாரோ வெளிய இழுத்து வெச்சுக்கிட்டு, பிரெட்டுக்கு ஜாம் தடவற மாதிரி தடவியிருக்காங்க."

அடுத்து டிரைவர் சீட்டுக்குக் கீழே கையை விட்டார். சீட்டின் அடியில் கம்பெனி ஒட்டிய காகித லேபிள் ஒன்று இருந்தது. மொபைல் வெளிச்சம் அடித்துக் காட்டினார். எழுத்து ஒன்றுகூடக் கரையவில்லை, ஓரம்கூட உப்பவில்லை.

"டேஷ்போர்டு டப்பா வரைக்கும் வெள்ளம் ஏறியிருக்கு. அதுக்கு ஒரு அடி கீழ இருக்கற காகிதம் நனையல. நல்ல மரியாதை தெரிஞ்ச வெள்ளம்." கையைத் தட்டிக்கொண்டார். "இனி உன் வேலை. முட்டி போடு."

"மேடம்..."

"முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் மோந்துக்கிட்டே வா. எங்க ஜாஸ்தின்னு சொல்லு."

என்னைப் பெற்றவர்கள் என்னைப் படிக்க வைத்தது இதற்குத்தான் என்று தெரிந்திருந்தால் அந்தப் பணத்தில் ஒரு மாடாவது வாங்கியிருப்பார்கள். முட்டி போட்டேன். முன் சீட்டுகளில் சுமார். நடு வரிசையில் மோசம். பின்னால், சக்கர நாற்காலியை நிறுத்தி மாட்டுகிற இடத்தில் ஒரு கனமான ரப்பர் விரிப்பு கிடந்தது. அதன் மேல் மூக்கைக் கொண்டுபோனதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இங்கதான்."

அந்த விரிப்பை மிதித்துத்தான் நாங்களும் உள்ளே வந்திருந்தோம். மேலே காய்ந்து சுத்தமாக இருந்தது. மேடம் அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்.

அதை எப்படிச் சொல்ல? விரிப்புக்குக் கீழே கனமான ஃபோம். அந்த ஃபோம் முழுக்க மஞ்சளும் பச்சையுமாகத் திரிந்து, தயிர் போலக் கட்டிகட்டியாக ஊறிப்போயிருந்தது. அழுத்தியதும் 'சொத்' என்று தண்ணீர் விட்டது. அதில் வெள்ளை வெள்ளையாக ஏதோ அசைந்தது. நான் பாய்ந்து சாய்தளத்தின் ஓரத்துக்குப் போய் இரண்டு தோசையையும் ஷெட் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"பால்தானே?" என்றார் மேடம், விரலால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. மூக்கில்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

"பால். முட்டையும் அடிச்சு ஊத்தியிருக்காங்க. மேல இருக்கறது புதுசு, அடியில இருக்கறது பழசு. ஒரே நாள்ல ஊத்தினது இல்ல மேடம்."

"அதைத்தான் கேக்க நினைச்சேன். அந்தம்மா ஆறு வாரமா நாறுதுன்னு சொன்னாங்க. எலி ஒரு தடவைதான் சாகும். பத்து நாள் நாறும், அப்புறம் காஞ்சிடும். ஆறு வாரம் நாத்தம் குறையாம இருக்குன்னா, யாரோ அதுக்கு வேளா வேளைக்கு சாப்பாடு போடறாங்க."

ஒரு நோயாளி உட்காருகிற இடமாகப் பார்த்து, அவர் காலுக்கு நேர் கீழே ஊற்றியிருக்கிறான். எனக்குக் குமட்டல் போய்க் கோபம் வந்தது. மேடம் விரிப்பைப் பழையபடியே போட்டு, ஓரத்தைக் காலால் அழுத்திச் சரிசெய்தார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத."

"விட்டாலும் யாரும் பக்கத்துல வர மாட்டாங்க."

கீழே இறங்கி, பின்பக்கத் தரையில் இருந்த மூடியைத் திறந்தார். உள்ளே குழியில் ஸ்டெப்னி படுத்திருந்தது. இருவரும் சேர்ந்து அதைத் தூக்கினோம். குழியில் மெக்கானிக் சொன்ன மாதிரியே சேறு. ஆனால் டயர் பளபளவென்று மின்னியது. கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஷூ மாதிரி. அந்தப் பளபளப்பின் மேல் மெக்கானிக்கின் இரண்டு கையும் கறுப்பாகப் பதிந்திருந்தது.

"அண்ணே," என்று கூப்பிட்டார் மேடம். "இந்த டயரை எத்தனை தடவை எடுத்தீங்க?"

"ஒரே தடவை. போன வாரம். தூக்கிப் பாத்தேன், சேறு இருந்துது, அப்படியே வெச்சுட்டேன்."

"துடைச்சீங்களா?"

"ஸ்டெப்னியையா?" அவர் என்னைப் பார்த்தார், இந்தம்மாவுக்கு ஒன்றும் ஆகலையே என்பது போல. "நான் என் முகத்தையே வாரத்துக்கு ஒரு தடவைதான் துடைப்பேன்."

அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குனிந்து டயரை மோந்தேன். மண்ணெண்ணெயும் ஸ்ட்ராபெரி எசன்ஸும் கலந்த ஒரு வாசனை. அந்த ஷெட்டில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வாசனை. இன்னொரு தடவை மோந்தேன்.

மெக்கானிக் நகர்ந்ததும் மேடத்தின் காதருகே போய்ச் சொன்னேன். "இவன்தான் மேடம். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. காயலான் கடைக்குன்னு சொல்லி அடிமாட்டு விலைக்கு எடுத்து, கழுவி வேற யாருக்காவது வித்துடுவான்."

"அவர் கடிச்ச பன்னைப் பாத்தியா?"

"அதை ஞாபகப்படுத்தாதீங்க."

"அவர் தொட்ட எல்லாத்துலயும் அவர் கை இருக்கு. பெல்ட்ல சேத்தைத் தடவினவர் அவரா இருந்தா சேத்தைவிட கிரீஸ்தான் அதிகம் இருக்கும். டப்பாவுக்குள்ள, தரைவிரிப்புக்கு அடியில இருக்கற சேத்துல ஒரு கறுப்பு விரல் ரேகை கிடையாது. இந்த வேலையைச் செஞ்சவன் சுத்தக்காரன். உன்னை மாதிரி."

எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்கவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டிரைவரம்மாவின் கொழுந்தன் வந்தார். அடடா! மூன்று மணிநேரமாக... இல்லை, முக்கால் மணிநேரம்தான், எனக்கு அப்படி இருந்தது, குப்பையில் கிடந்த என் கண்ணுக்கு அவர் மழை மாதிரி இருந்தார். முப்பது வயது. சலவைக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, வெட்டிய நகம். கையில் ஒரு ஃபைல். என் நிலைமையைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு புது மாஸ்க் எடுத்துக் கொடுத்தார்.

"போட்டுக்கங்க சார். இங்க யாராலயும் நிக்க முடியாது." கிட்டத்தில் வந்தபோது அவரிடமிருந்து ஸ்ட்ராபெரி வாசனை வந்தது. மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் மூக்கு அதன் வேலையைச் செய்துவிட்டது. மூளைதான் மாஸ்க்குக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணி, வண்டியைக் கொடுக்கறதுக்கான ஃபாரம் எல்லாம் ரெடி பண்ணிட்டேன். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கையெழுத்துப் போட்டா போதும். சென்டருக்கும் பேசிட்டேன். நாளைலேர்ந்து என் புது வேன் வரும்னு சொல்லிட்டேன். நீங்க இனிமே இந்த நாத்தத்துல அலைய வேணாம். வீட்ல நிம்மதியா இருங்க."

டிரைவரம்மா மேடத்திடம் திரும்பினார். முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம். "என் கொழுந்தன் மேடம். இவன் அண்ணன் இருந்தப்ப, பத்து வயசுலேர்ந்து எங்க வீட்லதான் வளந்தான். வாட்டர் வாஷ் கடை வெச்சிருக்கான். ஆறு வாரமா ஞாயித்துக்கிழமை தவறாம வண்டியை எடுத்துட்டுப் போய் நாத்தம் போகக் கழுவித் தர்றான். ரெண்டு நாள் நல்லா இருக்கும். அப்புறம் மறுபடி வந்துடும். சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்ய மாட்டான்."

"செய்ய மாட்டான்தான்," என்றார் மேடம்.

பேனாவை வாங்கிக்கொண்டு டிரைவரம்மா ஃபைலைத் திறந்தார். லாரிக்காரர் இன்ஜினைக் கிளப்பினார்.

"ஒரு நிமிஷம்மா. தம்பி, என் மூக்குக் கண்ணாடியை வேனுக்குள்ள டேஷ்போர்டு மேல வெச்சுட்டு வந்துட்டேன். இந்த சாய்தளம் ஏறி இறங்கினா எனக்கு முட்டி வலிக்குது. எடுத்துட்டு வந்து கொடுக்கறீங்களா?"

"அதுக்கென்ன மேடம்." அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாய்தளம் ஏறினார். சக்கர நாற்காலி இடம் வந்ததும் ஒரு கால் நின்றது. பிறகு ஒரே எட்டாக அந்த ரப்பர் விரிப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பும்போதும் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே தாண்டாகத் தாண்டினார். வெள்ளை ஷூவில் ஒரு பொட்டு அழுக்கு படவில்லை.

மேடம் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"ஏன் தம்பி தாண்டினீங்க?"

"எதை?"

"அந்த விரிப்பை. காலைலேர்ந்து நாங்க எல்லாரும் அது மேலதான் நடந்தோம்."

"ஈரமா இருக்கும்னு..."

"மேல காஞ்சுதான் இருக்கு. அடியில ஈரம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் தன் வெள்ளை ஷூவைக் குனிந்து பார்த்தார். மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மேலே போய் விரிப்பைப் புரட்டிப் போட்டேன். இந்தத் தடவை வாந்தி வரவில்லை. வர ஒன்றும் மிச்சம் இல்லை.

டிரைவரம்மா கிட்டே வந்து அதைப் பார்த்தார். பேனா இன்னும் கையில் இருந்தது.

"பாலும் முட்டையும்," என்றார் மேடம். "ஞாயித்துக்கிழமை ஊத்தி, செண்ட் மாட்டி அனுப்பறது. ரெண்டு நாள் செண்ட் வாசனை. அப்புறம் புளிச்சு நாறும். அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும். அதோட நிறுத்தியிருந்தா நான்கூட தடுமாறியிருப்பேன். வெள்ளத்துல முங்கின வண்டின்னு காட்டணும்னு ஸ்டெப்னிக்குக் கீழ சேத்தைப் போட்டிருக்கார். போட்டுட்டு, டயரைத் திரும்ப வெக்கிறப்போ கை சும்மா இருக்கல. எந்த டயரைத் தொட்டாலும் பாலிஷ் போட்டே பழகின கை. குழிக்குள்ள மூடி வெக்கிற டயருக்கு உலகத்துல எவன் பாலிஷ் போடுவான்? வாட்டர் வாஷ்காரன் போடுவான்."

ஸ்ட்ராபெரி! நான் அவர் சட்டைக் கையை எட்டிப் பிடித்து மோந்தேன். அதே வாசனை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. மாஸ்க்கைக் கழற்றிக் கீழே போட்டேன்.

மெக்கானிக் மெதுவாக எழுந்து வந்தார். "டேய். பெல்ட்டை இழுத்துப் பாருங்கண்ணேன்னு என்கிட்ட சொன்னதே நீதானேடா? வெள்ளத்து வண்டியா இருக்கப்போகுதுன்னு நீதானேடா வந்து சொன்னே? என் கண்ணையே நான் சந்தேகப்பட்டேனேடா!"

கொழுந்தன் அவரைக் கவனிக்கவில்லை. அண்ணியிடம்தான் பேசினார். அந்தக் குரலில் ஒரு கொஞ்சல் வேறு. அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

"அண்ணி, உங்க நல்லதுக்குத்தான். நீங்க பொம்பளை, காலைல அஞ்சு மணிலேர்ந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு... நேராக் கேட்டா விட மாட்டீங்க. புது வேன் புக் பண்ணிட்டேன், அதுக்கு ஒரு வேலை வேணும்ல? நான் என்ன விஷமா வெச்சேன்? பால்தானே ஊத்தினேன்?"

"ஹெட்மாஸ்டர் ஐயா ஐசியூல இருக்கார்," என்றார் டிரைவரம்மா.

"அவருக்கு வயசாயிடுச்சு அண்ணி. எப்படியும் இன்னும் எத்தனை நாள்..."

அவர் முடிக்கவில்லை. முடிக்காததே நல்லது. வேனுக்குள் இருந்த புழுக்களைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய அருவருப்பு எனக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் பார்க்கும்போது வந்தது.

டிரைவரம்மா கத்தவில்லை. ஃபாரத்தை நாலாகக் கிழித்து, பேனாவை மூடி, அவன் சட்டைப் பையிலேயே சொருகினார். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, பிரேக் எப்படி இருக்கு?"

"போன மாசம்தான் நான் புதுசு போட்டேன்." வேனின் பின்கதவைத் தட்டிக் காட்டினார். "தண்ணியே படாத வண்டிம்மா இது. கல்லு மாதிரி இருக்கு. அன்னைக்கு நான் பாத்தது சரிதான்."

"மேடம், தேறுமா?"

"அந்த ஃபோமைக் கிழிச்சு எறியுங்க. தரையை நல்லா கழுவி, ரெண்டு நாள் வெயில்ல திறந்து போடுங்க. புது விரிப்பு. அவ்வளவுதான் ரிப்பேர். இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"இன்னிக்கு ஓடுமா?"

"தாராளமா."

டிரைவரம்மா லாரிக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். லாரி கொக்கியை ஆட்டிக்கொண்டே கிளம்பிப் போயிற்று. அவர் சாய்தளத்தைக் காட்டினார்.

"ஏறு தம்பி."

"எங்க அண்ணி?"

"ஆஸ்பத்திரிக்கு. ஐசியூக்கு வெளிய அவர் பொண்ணு உக்காந்திருக்கா. என்ன ஊத்தினே, எத்தனை ஞாயித்துக்கிழமை ஊத்தினே, எல்லாம் அவகிட்ட நீயே சொல்லணும். அங்கேர்ந்து சென்டர். நாலு மணிக்கு நான் பதில் சொல்றப்ப நீயும் பக்கத்துல நிக்கணும்."

"நான் என் பைக்ல பின்னாடியே..."

மெக்கானிக் அவன் தோளில் கை வைத்தார். அந்தக் கையை. வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் அழகாக விழுந்தது. அப்படியே தள்ளிக்கொண்டுபோய், சக்கர நாற்காலி இடத்தின் ஓரத்தில் இருந்த மடக்கு சீட்டை விரித்து உட்கார வைத்தார். வெள்ளை ஷூ இரண்டும் திறந்து கிடந்த ஃபோமில் இறங்கின. 'சொத்' என்றது. மெக்கானிக் குனிந்து பெல்ட்டையும் மாட்டிவிட்டார்.

டிரைவரம்மா அதே ஃபோம் மேல் நடந்துதான் முன்னால் போனார். நிதானமாக. கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட் போட்டு, ஜன்னல் எல்லாவற்றையும் முன்னால் இருந்த பொத்தானால் ஏற்றினார். மெக்கானிக் சாய்தளத்தை மடித்துக் கதவைச் சாத்தினார். வேன் முதல் சாவியிலேயே கிளம்பியது.

நாங்கள் ஸ்கூட்டரில் பின்னால் போனோம். முதல் திருப்பம் தாண்டுவதற்குள் பின்ஜன்னலில் ஒரு உள்ளங்கை தட்டியது. இரண்டாவது சிக்னலில் அவன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். நிமிர்ந்தபோது வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் வெள்ளையாக இல்லை.

"என்ன நடக்குது? சொல்லு," என்றார் மேடம், ரோட்டைப் பார்த்து ஓட்டியபடி.

"வாந்தி எடுத்துட்டான் மேடம். ஜன்னலைத் திறக்கச் சொல்லி அழறான்."

"திறக்கறாங்களா?"

இல்லை. டிரைவரம்மா மூக்கைக்கூட மூடவில்லை. ஆறு வாரம் அந்த நாற்றத்திலேயே ஓட்டியவர். மேடுபள்ளம் வந்த இடத்தில் எல்லாம் வேகத்தைக் குறைத்து, பேஷண்ட் இருந்தால் எப்படி ஓட்டுவாரோ அப்படியே ஓட்டினார். இருபது நிமிஷத்து வழி நாற்பது நிமிஷம் ஆயிற்று.